வேதத்தில் இல்லாத சொல்

1

ஊரிலிருந்து யார் விசாரித்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "அங்கே வேதம் வாசிக்கிறீர்களா, இல்லை ரப்பர் மரத்தோடு மரமாகப் போய்விட்டீர்களா?" வாசிக்கிறோம், தாயே, வாசிக்கிறோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறியவர்கள் எல்லாரும் ஆண்டவரை நாகப்பட்டணத்துத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்று நீங்கள் நினைத்தால், அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நான் இருப்பது ஜொகூரில், தம்போய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். வீட்டுக்காரர் தோட்டத்துக் கிராணி. ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். எங்களுக்கு ஒரே பெண், எஸ்தர். சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் மூவரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து ஜெபம் பண்ணுவோம். ஆளுக்கொரு பகுதி வாசிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். வேதம் வாசிப்பது மனதுக்குக் காவல் என்று சின்ன வயதில் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? கண் எழுத்தின்மேல் இருந்தால் வேண்டாத நினைப்பு உள்ளே வராதாம்.

நல்ல காவல்தான் போங்கள்! ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஜெபக்கூடத்தில் பெண்கள் பக்கம் வாசிப்பது நான்தான். ஒரு தடவை வம்ச வரலாறு வந்தது. இன்னார் இன்னாரைப் பெற்றான், அவன் இவனைப் பெற்றான் என்று நூல் பிடித்தாற்போலப் போய்க்கொண்டிருந்தது. அன்று காலையில் எங்கள் பால்காரன், பாலில் தண்ணீரை ஊற்றினானா, தண்ணீரில் பாலை ஊற்றினானா என்று கண்டுபிடிக்க முடியாத ஒன்றை அளந்துவிட்டுப் போயிருந்தான். அந்தக் கோபம் எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. திடீரென்று வம்சத்தின் நடுவில் எங்கள் பால்காரன் சின்னையா யாரையோ பெற்றுவிட்டான்! கூடம் முழுக்கச் சிரிப்பு. வீட்டுக்காரர் ஒரு வாரம் எனக்குப் பாலில்லாத காப்பியைக் காட்டி, "சின்னையா வம்சம் எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. வாசிக்கும்போது நினைப்பு உள்ளே வராமல் இருப்பதில்லை. ஏற்கெனவே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது வெளியே தெரிந்துவிடுகிறது. வாயைத் திறக்காத வரையில் மனதில் இருப்பதை மறைத்துவிடலாம். வேதத்தைக் கையில் கொடுத்து உரக்க வாசி என்றால் தீர்ந்தது சங்கதி.

2

நான் கப்பலை விட்டு இறங்கிய நாளை வருஷா வருஷம் ஸ்தோத்திர ஜெபத்தோடு கொண்டாடுவது எங்கள் வழக்கம். இந்த வருஷம் அந்த நாளுக்கு விருந்தாளிகள் வருவதாக ஏற்பாடாகியிருந்தது. ஊர்ச் சபையில் பிரசங்கம் பண்ணுகிற உபதேசியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், மூத்த மகனைப் பார்க்க மனைவியோடு சிங்கப்பூருக்கு வந்திருந்தார். இளைய மகன் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். அவனுக்கு எஸ்தரைக் கேட்டு வருகிறார்கள். பையனுடைய போட்டோ முன்னதாகவே வந்துவிட்டது. கோட்டு, தலைப்பாகை, கையில் ஒரு குடை. வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் போட்டோப் பிடிக்கிற இடத்தில் குடை எதற்கு என்று கேட்டேன்.

"மாமியாரைப் பத்தி யாரோ சொல்லியிருப்பாங்க. பாதுகாப்புக்குப் பிடிச்சிருக்கான்" என்றார் வீட்டுக்காரர்.

அப்போது யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். எனக்கு இந்தச் சம்பந்தத்தில் துளிகூட இஷ்டமில்லை. பையனிடத்தில் குறை ஒன்றும் இல்லை. நடுவில் கிடக்கிற கடல்தான் எனக்குக் குறை. இருக்கிற ஒரே பெண்ணையும் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, இந்த ரப்பர் காட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

ஆனால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? அவள் தொட்டிலில் கிடந்த காலம் முதல், "என் மகளை நம்ம ஊர்லதான் கட்டிக் கொடுப்பேன், இந்த நாட்டுல கொடுக்கவே மாட்டேன்" என்று தோட்டம் முழுக்கத் தம்பட்டம் அடித்தவள் நான். இங்கே பக்கத்துப் பொந்தியானிலிருந்து ஒரு நல்ல இடம் கேட்டு வந்தபோது, காப்பி கொடுத்துக் கும்பிடு போட்டு அனுப்பிவைத்தவளும் நான்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்ற பழமொழியை எனக்காகவே செய்திருக்கிறார்கள். இப்போது நினைத்ததைச் சொன்னால் ஊர் சிரிக்கும். ஆகையால் வாயெல்லாம் பல்லாக நின்றேன். மாப்பிள்ளை நல்ல லட்சணம் என்றேன். சாமான் பெட்டியைத் தூசி தட்டினேன். டின் டின்னாக முறுக்குச் சுட்டேன். மனதில் ஒரு நினைப்பு வந்து தட்டும்போதெல்லாம் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுவேன்.

எஸ்தரோ வாயைத் திறக்கவில்லை. சாதாரண நாளில் அவள் என் மகள்தான். ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வாள். அந்த ஒன்பதும் எந்தப் பாஷையில் வரும் என்று மட்டும் சொல்ல முடியாது. தமிழில் கிளம்பி, மலாயில் திரும்பி, இங்கிலீஷில் போய் இறங்கும். கோபம் வந்தாலும் "அலமாக்!" சந்தோஷம் வந்தாலும் "அலமாக்!" அப்படிப்பட்ட பெண், சம்பந்தப் பேச்சு வந்த நாளிலிருந்து பிஸ்கட் டின் மூடியைப் போல இறுகிப்போனாள். என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டால், "உங்க இஷ்டம்மா" என்பாள். தட்டில் போட்ட சோறு பாதி அப்படியே இருக்கும்.

இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை, இதை விட்டுப் போக மனமில்லாமல்தான் இப்படி இருக்கிறாள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அதில் எனக்கு உள்ளூர எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அவளே மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என் மானமும் பிழைக்கும், மகளும் மிஞ்சுவாள். சொல்லட்டும், சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

3

பெண் பார்க்கிற நம்முடைய வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பலகாரமும் காப்பியும் பிறகு; முதலில் பெண் வேதம் வாசிக்க வேண்டும். குரல் எப்படி, படிப்பு எப்படி, பக்தி எப்படி என்று ஒரே வாசிப்பில் பார்த்துவிடுவார்கள். எஸ்தர் ஜொகூர் பாருவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துப் பாஸ் பண்ணியவள். தமிழ் எழுத்து நான் சமையலறையில் மாவுப் பலகையில் விரலால் எழுதிச் சொல்லிக் கொடுத்ததுதான். திக்கிவிட்டால் எனக்குத்தான் அவமானம். சம்பந்தம் வேண்டாம் என்றாலும் அவமானமும் வேண்டாமே! ஆகவே தினமும் சாயங்காலம் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். ஒரு நாள் ஒரே வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அது தெரியாமலே அடுத்த வரிக்குப் போனாள்.

"ஏட்டி, என்னத்த வாசிக்க? கண்ணு புஸ்தகத்துல இருக்கு, மனசு எங்க போச்சு?"

"இங்கதான்மா இருக்கு."

"பொய் சொல்லாத. வேதம் வாசிக்கதுன்னா மனசுக்குக் காவல் போடுறதுட்டி. கண்ட நினைப்பும் உள்ள வரக்கூடாது."

"காவல்னா ஜாகாதானேம்மா?"

மலாயில் காவல்காரனுக்கு ஜாகா என்று பெயர். எங்கள் தோட்டத்தில் ரப்பர் தகடுகளைப் புகை போட்டு அடுக்குகிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்போம். அதன் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு ஒரு பஞ்சாபிக்கார ஜாகா இருக்கிறார்.

"ஆமா, ஜாகாதான்" என்றேன்.

"நம்ம ஸ்டோர் ஜாகா யாரையும் விரட்டுறதில்லையேம்மா. யார் வந்தாலும் ‘சியாப்பா?’ன்னு கேக்கிறாரு. யாருன்னு சொன்னா உள்ள விடுறாரு. சொல்லாம முழிச்சாத்தான் தடியை எடுக்கிறாரு."

"அதுக்கு இப்ப என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்லா."

சும்மா சொன்னாளாம்! அந்தச் சும்மா இரண்டு நாள் அடுப்படியில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றியது. சியாப்பா என்றால் யார் என்று அர்த்தம். காவல் என்றால் கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போடுவது என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். மகளை அனுப்ப வேண்டாம் என்ற நினைப்பு வாசலில் வந்து நிற்கிறது. நான் கதவைச் சாத்திவிட்டு முறுக்குப் பிழியப் போய்விடுகிறேன். நீ யார், என்ன வேண்டும் என்று அதை ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்டால் அது பாசம் என்று பேர் சொல்லுமா, சுயநலம் என்று சொல்லுமா? அது தெரிந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

4

அந்த நாள் வந்தது. சிங்கப்பூரிலிருந்து கடல்மேல் போட்டிருக்கும் பாலம் வழியாக மோட்டாரில் வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிடலாம். சோறு ஆறி, குழம்பு ஆறி, வீட்டுக்காரரின் பொறுமையும் ஆறிப்போன பிறகு மோட்டார் வந்து நின்றது. உபதேசியார் கடுகு வெடிக்கிற முகத்தோடு இறங்கினார்.

"தோத்திரம் ஐயா, வாருங்க வாருங்க" என்றேன்.

"தோத்திரம் இருக்கட்டும், தங்கச்சி. இது என்ன நாடு? பாலத்து முனையில ஒரு உத்தியோகஸ்தன் நம்ம குலத்தைக் கேக்கான்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே ஓலைக் கொட்டானைச் சுமந்துகொண்டு இறங்கிய உபதேசியாரம்மா விஷயத்தை விளக்கினார். எங்களுக்காக ஊரிலிருந்து கருப்பட்டி கொண்டுவந்திருக்கிறார்கள். பாலத்து முனையில் சுங்கத்துச் சிப்பந்தி கொட்டானைத் திறந்தால், கறுகறுவென்று சிரட்டை வடிவத்தில் கட்டி கட்டியாக இருக்கிறது. அபினியோ என்று சந்தேகம். மோந்து பார்த்து, சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்து, "குலா?" என்று கேட்டிருக்கிறார். மலாயில் குலா என்றால் சர்க்கரை. உபதேசியார் காதில் அது குலமா என்று விழுந்துவிட்டது.

"இவுக விடுவாகளா? வேதத்துக்கு வந்த பொறவு எங்களுக்கு ஏதய்யா குலம்னு அங்கயே நின்னு பிரசங்கம். அவரு குலா, குலாங்காரு. இவுக எல்லாருக்கும் ஒரே பந்திங்காக. பின்னால மோட்டார் எல்லாம் வரிசையா நிக்கி. கடைசியில மோட்டார்க்காரத் தம்பி ஆமா, குலாதான்னு சொன்னப்புறந்தான் விட்டாங்க. இவுக அந்தத் தம்பிகூட இன்னும் பேசல. குலத்தை ஒத்துக்கிட்டானாம்!"

உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து "அலமாக்!" என்று ஒரு சத்தமும், வாயை முந்தானையால் பொத்திய சிரிப்பும் கேட்டன. சர்க்கரைதான் கேட்டார்கள் என்று நான் எடுத்துச் சொன்னேன். உபதேசியார் தலையை ஆட்டினார். "சரி, சர்க்கரையே இருக்கட்டும். ஆனாலும் கேட்ட தொனி சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார். சாப்பிட்ட பிறகு மனிதர் இளகிவிட்டார். என் கருவாட்டுக் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எப்பேர்ப்பட்ட நல்ல குடும்பம் என்று எனக்குத் தெரியத் தெரிய, மறுக்க ஒரு சாக்கும் மிஞ்சவில்லை.

5

பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். உபதேசியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இருதயத்தைக் காத்துக்கொள்ளச் சொல்லுகிற இடத்தை எடுத்து எஸ்தரிடம் கொடுத்தார். "வாசி, மக்கா. பயப்படாம வாசி."

என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, நன்றாகவே வாசித்தாள். சின்ன ரகரம், பெரிய றகரம், ழகரம் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. வீட்டுக்காரரின் மீசை மெல்ல மேலே ஏறிற்று. அப்போது காவல் என்ற சொல் வந்தது. அவள் வாயிலிருந்து "ஜாகா" என்று விழுந்தது.

வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். நான் உபதேசியாரைப் பார்த்தேன்.

"என்ன வாசிச்ச, மக்கா? ஜாகையா?" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜாகை என்றால் தங்குகிற வீடு என்பது நமக்குத் தெரியும். அவள் பதில் சொல்லுமுன் அவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். "ஜாகை! ஆகா! இத்தனை வருஷமாப் பிரசங்கம் பண்ணேனே, எனக்குத் தோணலையே! இருதயம் ஒரு ஜாகை. ஆளைப் பார்த்துல்லா குடி வைக்கணும்? குடிகாரனுக்கு விட்டா வீடு என்னத்துக்காகும்? சண்டைக்காரனுக்கு விட்டா அக்கம்பக்கம் தூங்குமா?" வெள்ளையடிப்பது, ஒட்டடை அடிப்பது, ஒழுகுகிற ஓட்டை மாற்றுவது வரைக்கும் பிரசங்கம் போயிற்று. உபதேசியாரம்மா ஆமென் என்றார். வீட்டுக்காரர் அதைவிடப் பலமாக ஆமென் என்றார். பெண் அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது என்பதில் சந்தேகமே இல்லை.

எஸ்தர் தலையைத் தூக்கினாள். "ஐயா, மன்னிச்சிருங்க. அது ஜாகை இல்ல, நான் தப்பா வாசிச்சிட்டேன். ஜாகான்னு வந்திருச்சு. மலாய்ல காவல்காரரு. புஸ்தகத்துல காவல்னுதான் போட்டிருக்கு. எனக்குச் சில சொல்லு மலாய்லதான் முந்திக்கிட்டு வருது, என்ன செய்ய?"

வீட்டுக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. நான் மனதுக்குள், அப்படிப் போடு என் மகளே, கெட்டது காரியம் என்று துள்ளினேன். உபதேசியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார் பாருங்கள், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளுகிற சிரிப்பு!

"குலாவுலயும் விழுந்தேன், ஜாகாவுலயும் விழுந்தேன். இந்த நாட்டுல என் காதே எனக்குச் சத்துரு! ஏன் மக்கா, நான் மெச்சினதைக் கேட்டுட்டுப் பேசாம இருந்திருக்கலாமே?"

"நான் நினைக்காததுக்கு எனக்கு எதுக்கு ஐயா நல்ல பேரு?"

"இதுல்லா காவல்!" என்று அவர் தொடையைத் தட்டினார். "சரி, நீ நினைக்கதையே கேக்கேன். பொண்ணு வாயாலயே கேட்டுட்டு வாங்கன்னுதான் என் மகன் சொல்லி அனுப்பினான். அங்க பெண்கள் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க ஆளில்ல. வந்தா அந்த வேலையும் பாக்கலாங்கான். உனக்கு அங்க வர இஷ்டமா, இல்லையா? யாருக்கும் பயப்படாம சொல்லு."

நான் பாயின் விளிம்புக்கே வந்துவிட்டேன். இப்போது சொல்லப்போகிறாள், மாட்டேன் என்று சொல்லப்போகிறாள்! எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள். நானோ வழக்கம்போலப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இஷ்டந்தான் ஐயா" என்றாள். "பாஸ் பண்ணிட்டு வீட்டுல சும்மாவே உக்காந்திருக்கேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. அவங்க போட்டோவும்…" என்று ஆரம்பித்து அதற்குமேல் சொல்லாமல் சிவந்துபோனாள்.

இந்த நாட்டுக்கு வந்த தாய்மார் கூடினால் என்ன பேசுவோம்? பிள்ளைகள் கையைவிட்டுப் போகிறார்கள், தமிழ் போகிறது, ஊர் நினைப்பே இல்லை என்று மூக்கைச் சிந்துவோம். அந்தப் புலம்பலில் தலைமை தாங்குகிறவளே நான்தான். இப்போது என் பிள்ளையும் கையைவிட்டுப் போகிறாள். போவது எங்கே? என் சொந்த ஊருக்கு! இதை நான் யாரிடத்தில் போய்ப் புலம்புவேன்?

வாய் மட்டும் அதன் வேலையைத் தவறாமல் செய்தது. "கர்த்தருக்குத் தோத்திரம். ரொம்பச் சந்தோஷம் ஐயா" என்றேன்.

6

"இன்னைக்குத் தங்கச்சி கப்பல்ல வந்து இறங்கின நாளாமே? முடிவு வாசிப்பு அவங்களே வாசிக்கட்டும்" என்றார் உபதேசியார். நல்ல மனதோடுதான் சொன்னார். நல்ல மனதோடுதான் இடத்தையும் தேடி எடுத்தார். தேசத்தையும் இனத்தாரையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படும்படி நம்முடைய முற்பிதாவுக்கு ஆண்டவர் கட்டளை கொடுக்கிற இடம். கடல் கடந்து வந்த எங்களுக்கெல்லாம் அது மனப்பாடம். அந்தக் கட்டளை ஒரே எழுத்தில் முடிகிறது. போ.

புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பால்காரன் கதை மறுபடி நடந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்தேன். தேசம் வந்தது, தாண்டிவிட்டேன். இனத்தார் வந்தார்கள், அவர்களையும் தாண்டிவிட்டேன். தகப்பன் வீடு வந்தபோது, நான் கப்பலேறிய அன்று என் தாயார் கடைசிவரை சிரித்துக்கொண்டே கையசைத்தது நினைவுக்கு வந்தது. நானும் அவளைப் போலச் சிரித்துக்கொண்டே அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். விரல் கடைசி எழுத்துக்கு வந்தது.

"போகாதே" என்று வாசித்தேன்.

வீட்டுக்காரர் மெல்ல என் பக்கம் சாய்ந்து, "போன்னு இருக்கு" என்றார்.

"தெரியும். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றேன். புத்தகத்தை மூடிப் பாயில் வைத்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"ஐயா, உங்க மகன்மேல ஒரு குறையும் இல்ல. நீங்களும் நல்ல மனுஷங்க. அவ சம்மதிச்சிட்டா, நான் குறுக்க நிக்க மாட்டேன், கல்யாணம் நடக்கட்டும். ஆனா எனக்கு அவளை அனுப்ப மனசே இல்ல. ஊர்ல கொடுப்பேன், ஊர்ல கொடுப்பேன்னு நான் அடிச்சதெல்லாம் வெறும் வாய். அவ கப்பலேறுற அன்னைக்கு நான் சிரிச்சுக்கிட்டு நிப்பேன்னு யாரும் எதிர்பாக்காதீங்க. துறைமுகமே அதிர்ற மாதிரி அழுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

உபதேசியாரம்மா முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். எஸ்தர் எழுந்து வந்து, சின்னப் பிள்ளையில் உட்காருவதுபோல என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாரக் கணக்காக இறுகியிருந்த அந்த முகம் திறந்துகொண்டது.

"அப்பாடா!" என்றாள். "நீங்க முறுக்குச் சுட்ட வேகத்தைப் பார்த்துட்டு, என்னை அனுப்புறதுல அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷமான்னு நினைச்சு நினைச்சு, இத்தனை நாளா எனக்குச் சோறே இறங்கலம்மா."